பெரணிச் செடியைக் காத்த குழு

உலகத்தில் சுவர் கட்டத் தெரிந்தவர்கள் ஏராளம். சுவரைத் தொடாமலே காப்பாற்றத் தெரிந்தவர்கள் சிட்னியின் ஒரு நகரசபையில் மட்டுமே இருக்கிறார்கள். அந்த மகத்தான "மரபுரிமைக் குழு"வின் முன்னால்தான் பொறியியலாளர் சிறிதரன் ஓர் அற்ப வேண்டுகோளோடு போய் நின்றார்.

துறைமுகக் கரையில் நூற்று நாற்பது வருடத்து மணற்கல் சுவர். பின்னால் தேங்கும் மழைநீர் வடிவதற்கு அதன் அடியில் வரிசையாகத் துளைகள். துளைகளைப் பெரணிச் செடிகள் அடைத்துவிட்டன. போக வழியில்லாத தண்ணீர் உள்ளிருந்து தள்ள, சுவர் பிள்ளைத்தாச்சி போல வயிறு தள்ளி நின்றது. குளிர்காலத்துப் பெரிய கடலேற்றம் வருவதற்குள் செடியைப் பிடுங்கி, விரிசலில் சுண்ணாம்புக் காரை பூச வேண்டும். ஒரு கல்லைக்கூட அசைக்கத் தேவையில்லை. அதிலுள்ள உளித் தடமெல்லாம் சிறிதரனுக்குப் பரிச்சயம். அது விழுந்துவிடும் என்று நினைத்தாலே அவருக்கு நித்திரை வராது.

குழுவின் ஆலோசகர் ஹரிப்பிரியா, சென்னைக்காரர், ஒரு பழைய புகைப்படத்தை எடுத்து வைத்தார்.

"இதுல பாருங்க சிறிதரன், அப்பவே செடி இருக்கு. அப்போ அதுவும் மரபுதானே?"

"ஓம், இருக்கு. ஆனா துளையில இல்லை, சுவருக்கு மேலதானே நிக்குது."

"இடம் மாறியிருக்கலாம். அதுவும் வரலாறுதான்."

"தண்ணி போக வழியில்லாட்டி சுவர் விழுந்திடும், ஹரிப்பிரியா."

"உங்க கவலையை மினிட்ஸ்ல போட்டுடறேன்."

சொன்னபடியே கூட்டக் குறிப்பில் போட்டார். இரண்டாம் கூட்டத்தில் விரிசலுக்கு "வயதின் அழகு" என்ற தகுதி கிடைத்தது. மூன்றாவதில் தள்ளிய வயிற்றையும் பாதுகாக்க முடிவாயிற்று. நான்காவதில், சிறிதரன் கையில் கத்தரிக்கோலோடு அந்தப் பக்கமே போகக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது.

ஜூன் மாதக் குளிரில் வந்த பெரிய கடலேற்றம் வடிந்த காலையில் சுவர் குப்புற விழுந்து கிடந்தது. கற்களுக்கு நடுவே நின்ற சிறிதரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து ஹரிப்பிரியா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"செடி?"

"சுகமா இருக்கு. ஒரு இலைகூட உதிரேல்லை."

"அப்பாடா. சரி, இனி அங்க ஒரு பலகை வைக்கணும். சுவரோட பெருமையைச் சுருக்கமா எழுதித் தருவீங்களா? உங்களுக்குத்தானே அதுமேல பாசம்."

"ஓம், எழுதித் தாறன்."

அன்றைக்கே எழுதிக் கொடுத்தார்:

"நூற்று நாற்பது ஆண்டுகள் அடித்தும் கடலால் முடியாததை, எங்கள் குழு நான்கே கூட்டத்தில் முடித்தது."