பதின்மூன்றாவது எழுத்து

பதின்மூன்றாவது எழுத்தில் புரோகிராமைச் சரிபார்க்கும் கம்பைலர் மறுபடியும் நின்றது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட்டு செய்யும் கம்பெனி ஒன்றுக்காக உதயகுமார் எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் அது. சரக்குக் கணக்குக்கு ஆபீஸில் புது சாஃப்ட்வேர், ஸ்டோரில் பழையது; புதியதில் பதிவதைப் பழையதற்கும், பழையதில் பதிவதைப் புதியதற்கும் மாற்ற வேண்டும். போய்த் திரும்பினால் ஓர் எழுத்துகூடக் குறையக் கூடாது.

"ஸ்டோர் துலுக்கானம் இருபத்தாறு வருஷமா பழசுலதான் வேலை பாக்குறாரு. அவரை மாறச் சொல்லி நோகடிக்கக் கூடாது," என்று முதலாளி ஏகாம்பரம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எதுவும் தொலையாது என்பதற்கான நிரூபணத்தையே உதயகுமார் புரோகிராமுக்குள் எழுதினான். டிபென்டென்ட் டைப் என்பார்கள். ஒரு பெயரின் வகையிலேயே அதன் நீளமும் அடக்கம். நிரூபணம் இடித்தால் கம்பைலர் விடாது. பழைய சாஃப்ட்வேரில் பெயருக்குப் பன்னிரண்டு எழுத்துதான் இடம். போல்ட் என்பது நிற்கும்; எத்தனை எம்.எம். என்பது வெட்டுப்பட்டுவிடும்.

வெட்டுப்பட்டதைக் குறிப்புக் கட்டத்தில் ஒளித்துவைத்தான். கம்பைலர் ஒப்புக்கொண்டது.

மறுநாள் துலுக்கானம் வந்தார். "நைனா, குறிப்புல இன்னாவோ குப்பையா கீது. நீ கவனிக்கலை போல. எல்லாத்தையும் தொடச்சு வுட்டேன்."

முந்நூறு அயிட்டங்களுக்கு அளவே இல்லாமல் போயிற்று. புதியதிலும்தான்.

பேக்கப்பிலிருந்து மீட்டு, அந்தக் கட்டத்தை யாரும் தொட முடியாதபடி பூட்டினான். எதைப் பதிந்தாலும் பழைய சாஃப்ட்வேர் அந்தக் கட்டத்தையும் தொடும்; இப்போது துலுக்கானத்தால் எதையுமே பதிய முடியவில்லை. பூந்தமல்லி போக வேண்டிய லாரி வாசலில் ஹாரன் அடித்தது.

பதற்றத்தில், எங்குமே பன்னிரண்டு எழுத்துக்கு மேல் பெயர் கூடாது என்று விதி போட்டான். கம்பைலர் மறுபேச்சில்லாமல் ஏற்றது. பாதிச் சாமானைப் புது சாஃப்ட்வேர் உள்ளேயே விடவில்லை. உள்ளே வராதது எப்படித் தொலையும்?

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா வேற எடம் பாத்துக்குங்க," என்றார் ஏகாம்பரம்.

நான்கு நாள் உதயகுமார் திருவேற்காட்டு அறைக்குக் குளிக்க மட்டுமே போனான். வெட்டுப்பட்ட எழுத்துகளைத் தனிக் கோப்பில் வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரூபித்தான். வெள்ளிக்கிழமை காலை ஒரு பிழையும் இல்லை. ஸ்டோருக்கு ஓடினான்.

"அண்ணே, இனிமே நீங்க காலத்துக்கும் பழசுலயே இருக்கலாம்!"

துலுக்கானத்தின் முகம் சுருங்கியது. முதலாளி அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இன்னா நைனா, இப்டி பண்ணிட்டே? ஆபீஸ்ல பாத்து புதுசை நான் எப்பவோ கத்துக்கினேன். அந்தப் பழசு நம்ம மொதலாளி ஆசையா வாங்கினதாச்சே, அவரு மனசு நோவுமேன்னுதான் இத்தினி நாளா அதுல குந்திகினு கீறேன்."