வெள்ளைக் கோடு எந்தப் பக்கம்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர், பணிவுடன் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். என் மானத்துக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் இரண்டும் சேர்ந்தே நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். என் குரல் உங்களுக்குத் தெரியும். நான் ரகசியம் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். அதனால்தான் கடிதம்.

முதல் வேலையாக, போன மாதம் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். "நான் ஓய்வு பெற்றாகிவிட்டது, இவளும் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காரட்டும், என்ன பெரிய வேலை, பாசி கோர்ப்பதுபோல் ஏதோ கோர்க்கிறாள், அண்ணன் என்ற முறையில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தேனே, அதைத்தான். அதை எழுதியபோது எனக்கு அறிவு இல்லை. இப்போதும் அதிகம் இல்லை. ஆனால் இல்லை என்பது தெரிந்திருக்கிறது.

ஓய்வு பெற்று மூன்று மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்றால் முழுச் சும்மா இல்லை. சமையலறை மூடிகளை உயரவாரியாக நிற்க வைத்தேன், செருப்புகளை ஜோடி ஜோடியாக அணிவகுக்கச் செய்தேன், எதிர்வீட்டுக்காரர் கூன்போட்டு நடப்பதை ஜன்னல் வழியாகத் திருத்தினேன். ஒரு நாள் காலை உங்கள் தங்கை டீ டம்ளருக்கு அடியில் ஒரு விண்ணப்பத் தாளை வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அவள் வேலை பார்க்கிற எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் வந்திருக்கிறதாம், ஆறு மாதத்துக்கு ஆட்கள் வேண்டுமாம், கண் நன்றாகத் தெரிந்தால் போதுமாம், வயது பார்ப்பதில்லையாம். எண்ணூறு பிள்ளைகளை ஒரே கோட்டில் நிறுத்தியவனுக்கு நாலு ஸ்க்ரூ முடுக்க வராதா என்று கையெழுத்துப் போட்டேன்.

முதல் நாளே என்னைக் கட்டிப்போட்டார்கள். வெள்ளை அங்கி, குல்லாய், முகமூடி எல்லாம் மாட்டி, மணிக்கட்டில் ஒரு பட்டையைச் சுற்றி, அதிலிருந்து ஒரு சுருள் வயரை மேஜையோடு பிணைத்தார்கள். "என்னம்மா, ஓடிப்போயிடுவேன்னு பயமா?" என்று பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் கேட்டேன். "மெதுவாப் பேசுங்க மாஸ்டர். சும்மா நடந்தாலே நம்ம உடம்புல கரண்ட் சேரும், நமக்குத் தெரியாது. அதோட இந்த சாமானைத் தொட்டா அது செத்துரும். செத்தது அதுக்கே தெரியாது. ஒரு மாசம் ஓடிட்டு அப்புறம்தான் நிக்கும்" என்றாள். மச்சான், அறுபது வருடமாக இந்த உடம்போடு குடியிருக்கிறேன். இதற்குள் இப்படி ஒரு குட்டி மின்னல் ஒளிந்திருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அன்று முழுவதும் என் கையை நானே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம், போர்டு என்கிற பச்சை அட்டையில் பொருத்துகிற பாகங்கள். ஓர் எள்ளை நாலாக வெட்டினால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் ஒன்று. அதற்கும் பெயர் உண்டு, நம்பர் உண்டு, உட்காரத் தனி இடம் உண்டு. மூச்சு முட்டுகிறதே என்று முகமூடியை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டு, ஒன்றை இடுக்கியால் தூக்கிக் குறிபார்த்தேன். தும்மல் வந்தது. தட்டில் இருந்த இருநூறு பாகங்களும் போன இடம் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

வரிசையாகப் போட்ட வேலை மேஜைகளை லைன் என்பார்கள், அதன் கடைசியிலிருந்து அப்போது ஓர் அம்மாள் எழுந்து வந்தார். அந்தக் கூடத்தில் நாற்பது பேருக்கும் கண் மட்டும்தான் வெளியே தெரியும், யார் யார் என்று சொல்ல முடியாது. அவர் நடந்து வர வர ஒவ்வொருவராக நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்து, பெரிய அதிகாரி போலிருக்கிறது என்று நானும் எழுந்து நின்றேன். "முகமூடிய மூக்குக்கு மேல போடுங்க. தும்மல் வந்தா கையத் தூக்குங்க. வயரக் கழட்டிட்டு வெளியே போய்த் தும்மிட்டு வாங்க" என்றார். "சரிங்க மேடம்" என்று சொன்ன பிறகுதான் குரல் பிடிபட்டது. உங்கள் தங்கை.

மூன்றாவது வாரம் என்னை லைனில் உட்கார வைத்தார்கள். என் வேலை ஒன்றே ஒன்று. கெபாசிட்டர் என்று ஒரு குட்டி டப்பா, சுண்டுவிரல் நகம் அளவு. அதன் ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளைக் கோடு. போர்டில் மைனஸ் குறி போட்ட துளையின் பக்கம் அந்தக் கோடு இருக்கும்படி செருக வேண்டும். மாறிவிட்டால் கரண்ட் கொடுத்ததும் வெடிக்கும். பக்கத்து இருக்கையில் முன்பு தையல் வேலை பார்த்த அம்மாள் ஒருவர், எல்லோரும் தையலக்கா என்பார்கள். அவர் விரல் ஓடிய ஓட்டத்தைப் பார்த்ததும் எனக்குள் இருந்த விளையாட்டு வாத்தியார் விழித்துக்கொண்டார். அவரை முந்துகிற அவசரத்தில், டீ குடித்துவிட்டு வந்து போர்டுத் தட்டை எதிர்ப்புறமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன். கண் பார்க்கவில்லை, கை பழக்கத்தில் போட்டுக்கொண்டே போனது. இருபது போர்டும் ஈயம் ஏற்றுகிற மிஷினுக்குள் போன பிறகு அடுத்த தட்டு வந்தது. அதில் மைனஸ் குறி எதிர்ப்பக்கம் இருந்தது, அப்போதுதான் போன இருபதிலும் கோட்டை மாற்றிப் போட்டிருக்கிறேன் என்று புரிந்தது.

உங்களிடம் மறைக்க விரும்பவில்லை மச்சான், அரை நிமிடம் பேசாமல் இருந்தேன். சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் யார் செய்தது என்று தெரியவா போகிறது என்று தோன்றியது. பிறகு லைனின் கடைசியைப் பார்த்தேன். உங்கள் தங்கை மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள். அங்கிருந்து போகிற ஒவ்வொரு போர்டிலும் அவள் முத்திரைதான் விழும். லைனை நிறுத்த ஒவ்வொரு மேஜையிலும் சிவப்புப் பட்டன் உண்டு, முதல் நாளே காட்டியிருந்தார்கள். எனக்குப் பட்டன் ஞாபகம் வரவில்லை. முப்பத்துமூன்று வருடப் பழக்கம்தான் வந்தது. எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து "நில்" என்றேன்.

நின்றுவிட்டது. நாற்பது பேரும் கையில் இடுக்கியோடு அப்படியே நின்றார்கள். கண்ணாடி அறைக்குள் இருந்த தலைமை இன்ஜினியர் நாற்காலியிலிருந்து எழும்பி, நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு கையையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அப்போதுதான் ஆளை அடையாளம் கண்டேன். ஏழாம் வகுப்பு, கடைசி வரிசை, ஷூ லேஸ் கட்டத் தெரியாதவன்.

"என்னாச்சு?" என்று உங்கள் தங்கை வந்தாள்.

"இருபது போர்டு. கோட்டை மாத்திப் போட்டுட்டேன். நான்தான்."

அவள் மேஜையில் ஏற்கனவே போர்டுகள் தனியாக அடுக்கியிருந்தன. ஒன்றொன்றாகப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். எண்ணிப் பார்த்தாள். "பத்தொம்பதுதான் இருக்கு. இருபதுன்னு நல்லாத் தெரியுமா?"

"வேற எதுல வேணும்னாலும் தப்புவேன். தலை எண்றதுல தப்ப மாட்டேன்."

அவள் கண் மாறியது. ஈயச் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மிஷின்காரர் நடுவில் ஒன்றை உருவி நேராக டெஸ்ட் மேஜைக்கு அனுப்பியிருந்தார். உங்கள் தங்கை ஓடினாள். இன்ஜினியர் ஓடினார். நானும் ஓடினேன், வயர் என்னைப் பின்னால் இழுத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. அங்கிருந்தே பார்த்தேன். டெஸ்ட் செய்கிறவர் சுவிட்சில் விரல் வைத்திருந்தார், அந்த விரலுக்கு அடியில் உங்கள் தங்கை தன் கையைக் கொடுத்தாள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. உணவு இடைவேளையில் உங்கள் தங்கை என்னை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள். "இது எங்க போகுதுன்னு தெரியுமா? குறைமாசத்துல பொறந்த குழந்தை பக்கத்துல வைக்கிற மிஷினுக்கு. மூச்சு நின்னா இது கத்தும். இது கத்தலைன்னா வேற யாருக்குத் தெரியும்?" என்றாள். நான் கண்ணை வைத்துப் பார்த்தேன். மச்சான், எப்படிச் சொல்வது. வெளியே வெறும் ஈயப் புள்ளியாகத் தெரிந்தது உள்ளே ஒரு வெள்ளி மலையாக எழுந்து நின்றது. நாலு பக்கமும் வழுக்கிக்கொண்டு இறங்குகிற சரிவு, அடிவாரத்தில் ஒரு சிறு பிசிறுகூட இல்லை. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, வரிசை தப்பாமல். நான் வாழ்நாள் முழுவதும் நிறுத்திய எந்த வரிசையும் அப்படி நின்றதில்லை.

"ஒரு நாளைக்கு இதுல எத்தனை பாக்கற?"

"நாலாயிரம் இருக்கும்."

"இருபத்துநாலு வருஷமாவா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"நீங்க கேட்டதில்லையே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, நான் எழுந்து சொல்லியிருக்காவிட்டால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். "மணி அடிக்கிற வரைக்கும் காத்திருந்து பாத்திருப்பேன். அப்புறம், இவர் வேண்டாம்னு நானே எழுதிக் கொடுத்திருப்பேன்" என்றாள். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன் மச்சான். அன்றைக்குப் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காரவே எனக்குத் தயக்கமாக இருந்தது.

ஆகவே என் முடிவு இது. நாளைக் காலை ராஜினாமாக் கடிதம் கொடுக்கிறேன். அந்தக் கூடத்தில் இருக்க என் விரலுக்குத் தகுதி போதாது. அவள் வேலைக்குப் போகட்டும், நான் சமைத்து வைத்து, சாயங்காலம் அவள் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். அவளிடம் நேரில் சொல்லத் தைரியம் இல்லை. நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நிமிர்ந்த முதுகோடும் குனிந்து பார்க்கிற புத்தியோடும் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையை இப்போதுதான் சந்தித்த
மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்குள் உங்கள் தங்கை பார்த்துவிட்டாள். அவள் கையைத் தாண்டி எதுவும் வெளியே போகாது என்பதை நான் மறந்திருக்கக் கூடாது. பழுதான இடத்தைக் காட்ட அங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கைப்பையிலிருந்து எடுத்து இந்தக் கடிதத்தில் நாலு ஒட்டியிருக்கிறாள். இருபத்துநாலு வருடம் இல்லை, இருபத்தாறு. தும்மல் ஒன்று இல்லை, மூன்று. அரை நிமிடம் இல்லை, நாலு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாளாம். நாலாவது, ராஜினாமா என்கிற சொல்லின் மேல். "திங்கட்கிழமைலேர்ந்து உங்களுக்கு அலாரம் டெஸ்ட். ஒவ்வொரு மிஷினையும் ஒரு நிமிஷம் கத்தவிட்டுக் கேக்கணும். அந்தச் சத்தத்துல யாரும் ரெண்டு நாளைக்கு மேல நிக்கல, கத்திப் பழகின உங்களுக்குத்தான் அது சரி. இன்ஜினியர்கிட்ட சொல்லியாச்சு" என்றாள். ஆகையால் நீங்கள் யாரிடமும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டாம். சொல்லிவிட்டுப் போகும்போது என் சட்டைப்பையில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினாள். "அப்போ நான் பாஸா?" என்று கேட்டேன். "இல்ல. இன்னொரு தடவ பாக்கணும்னு அர்த்தம்" என்றாள்.