பத்தொன்பதாவது வரி

மதிப்புக்குரிய அப்பாவுக்கு, மினோரி தலை தாழ்த்தி எழுதுவது.

இங்கே பனி ஜன்னலின் பாதி உயரம் வரை நிற்கிறது. சகாதாவில் கடற்காற்று எப்படி? பேருந்து ஓட்டும்போது இடுப்பில் கம்பளிப் பட்டை கட்டிக்கொள்கிறீர்களா? தொமோயே அத்தை நலம். சமையல்காரர் கன்ஜி அண்ணன் நலம். பூனை தாய்கிச்சி போன வாரத்தைவிடக் குண்டு. எனக்கு நலமில்லை என்று முதல் பத்தியிலேயே எழுதுவது மரியாதை இல்லையாதலால் நானும் நலம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரும்போது என்னை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். "மூணு மாசம் அத்தை விடுதியில இருந்து பாரு. அவங்க வெச்சுக்கறேன்னு சொன்னா இரு, இல்லேன்னா திரும்பவும் பள்ளிக்கூடம்" என்று டிசம்பரில் விட்டுவிட்டுப் போனீர்கள். அத்தை என்ன சொல்லப்போகிறார் என்று மூன்று மாதமாக நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்றுதான் ஆசையாக இருந்தது. இனி அத்தை ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, நானே கெடுத்துக்கொண்டுவிட்டேன். இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நாம் இருவரும் ஃபோனில் பேசினால் மூச்சு விடும் சத்தம்தான் கேட்கும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் மெத்தைகள் அடுக்கும் அலமாரிக்குள் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

எல்லாம் அந்தத் தாளால் வந்தது. ஜனவரியில் வெளிநாட்டு விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் என்னிடம் ஏதாவது கேட்டால் எனக்கு முகம் காது வரை சிவந்து, கையிலிருக்கும் தட்டோடு வந்த வழியே திரும்பிவிடுவேன். பேசாமல் தப்பிக்க ஒரு வழி தோன்றியது. நாம் தினமும் சொல்லும் வார்த்தைகளை ஒரு தாளில் ஆங்கில எழுத்தில் எழுதி, எதிரே ஆங்கிலத்தில் பொருளும் எழுதி, ஒவ்வோர் அறையிலும் வைத்துவிட்டால் என்னைக் கேட்க மாட்டார்கள் அல்லவா? பள்ளிக்கூட அகராதியை வைத்துக்கொண்டு இருபத்தேழு வரி எழுதினேன். அந்த அகராதி வெந்நீர்த் தொட்டி ஓரம் விழுந்ததில் கடைசி நூறு பக்கம் ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்கிறது, அதனால் ஆங்கில 'எம்' எழுத்துக்குப் பின்னால் வரும் பொருளெல்லாம் என் ஞாபகத்தில் இருந்தவை. ஒரு வரியில் இடமும் கம்மி. எப்போது சொல்ல வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை எழுதவில்லை. அது எல்லோருக்கும் தெரியும்தானே என்று நினைத்தேன்.

ஹேஸல் அம்மாவுக்குத் தெரியவில்லை. கனடாவில் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலிக்காக நம் விடுதியின் வெந்நீர் ஊற்றில் குளிக்க வந்து பத்து நாளாக இரண்டாம் எண் அறையில் இருக்கிறார். வந்த அன்றே என் தாளை மனப்பாடம் செய்துவிட்டார். ஏழாவது வரி, நாம் சாப்பிடத் தொடங்கும்போது சொல்லும் இததாகிமஸு, 'பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தேன். அதை அவர் சாப்பாட்டுக்கு முன்னால் மட்டுமா சொன்னார்? வெந்நீரில் காலை வைக்கும்போது கைகூப்பிச் சொன்னார், துண்டு கொடுத்தால் சொன்னார், டாக்ஸிக் கதவு திறந்தால் சொன்னார், முற்றத்தில் வழுக்கி விழுந்தபோது பனியைப் பார்த்தும் சொன்னார். நாலாவது வரி, வேலை முடிந்ததும் ஒருவருக்கொருவர் 'களைத்திருப்பீர்கள்' என்று சொல்லிக்கொள்வோமே, அதை விடியற்காலையில் அப்போதுதான் எழுந்து வந்த கன்ஜி அண்ணனிடம் சொல்லிவிட்டார். அண்ணன் அன்று முழுவதும் பானை மூடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா மினோரி, எனக்கு அவ்வளவு வயசாயிட்ட மாதிரியா தெரியுது?" என்று என்னையே மூன்று தடவை கேட்டார்.

போன சனிக்கிழமை விடுதி நிறைய ஆட்கள். அத்தை சமையலறையில், "வேலை தலைக்கு மேல இருக்கு, பூனைக் கையையாவது கடன் வாங்கணும் போல இருக்கு" என்று நாம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். அது பன்னிரண்டாவது வரி. ஐந்து நிமிடத்தில் ஹேஸல் அம்மா தாய்கிச்சியின் நான்கு பாதங்களையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, தூக்கிக்கொண்டு வந்து சமையலறை வாசலில் நின்றார். அப்பா, கழுவப்பட்ட பூனையின் முகத்தை நீங்கள் பார்த்ததுண்டா? அத்தை சிரிக்கவும் முடியாமல், மறுக்கவும் முடியாமல், அரை மணி நேரம் அதை அரிசிப் பெட்டி மேல் உட்கார வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்.

இதெல்லாம் சின்ன விஷயம். இன்று மதியம் நடந்ததுதான் பெரிது. விடுதிக்காரர்கள் சங்கத் தலைவர் குவாபரா ஐயா வந்திருந்தார். "வாயில வைக்க லாயக்கில்லாத பண்டம், இருந்தாலும் எடுத்துக்கங்க" என்று இனிப்புப் பெட்டியை நீட்டினார். "எங்க ஓட்டை விடுதிக்கு நீங்க வந்ததே பெரிசு" என்று அத்தை வாங்கிக்கொண்டார். ஹேஸல் அம்மாவும் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் தட்டோடு உள்ளே போனேன். குவாபரா ஐயா, "இது யாரு, புதுசா இருக்கே?" என்று கேட்டார். அத்தை தலை குனிந்து, "என் தம்பி பொண்ணுங்க. ஒண்ணுத்துக்கும் உதவாத பொண்ணு, தப்பு தண்டா நடந்தா மன்னிச்சுக்கணும்" என்றார்.

அதுதான் பத்தொன்பதாவது வரி. நீங்களும் டிசம்பரில் இந்த விடுதி வாசலில் என் தலையில் கை வைத்துச் சொன்னீர்களே, அதே வாக்கியம். நான் நன்றாக அறிந்த வாக்கியம் என்பதால் அதையும் தாளில் சேர்த்திருந்தேன்.

ஹேஸல் அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டினார். தாளில் விரலை ஓட்டினார். பத்தொன்பதில் விரல் நின்றது. எழுந்தார், அந்த முழங்காலோடு! ஏதாவது சொல்ல வேண்டும், ஆனால் கையில் இருப்பது இருபத்தேழு வரிதான். பதினைந்தாவது வரியைப் பிடித்து, "வயிறு எழுந்து நிக்குது!" என்று கத்தினார். கோபம் வந்தால் நாம் அப்படித்தான் சொல்கிறோம், உச்சரிப்பிலும் குறையில்லை. பிறகு மூன்றாவது வரி: "மன்னிக்க வேண்டும்!" பிறகு அத்தையைப் பார்த்து, "பூனைக் கை!" அது எதற்கு என்று தெரியவில்லை, கோபத்தில் வரி மாறியிருக்கலாம். கடைசியில் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு கைகளையும் கூப்பி, "மினோரி. இததாகிமஸு" என்றார்.

எட்டிப் பார்த்த கன்ஜி அண்ணன், "ஐயோ, சாப்பிடப் போறாங்களா?" என்று கேட்டார்.

"வாயை மூடுடா! உங்களுக்கு வேண்டாம்னா எனக்குக் குடுங்கன்னு கேக்கறாங்க" என்றார் அத்தை.

குவாபரா ஐயா தன் இனிப்புப் பெட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அடுத்த முறை அவருடைய பண்டத்தையும் யாராவது அகராதியில் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் போலிருக்கிறது.

எல்லோருக்கும் தெரியும், அது ஒரு மரியாதைப் பேச்சு. ஆனால் யார் விளக்குவது? 'இல்லை, இவள் நல்ல பெண்' என்று அத்தை சொல்லலாமா? சொந்தப் பெண்ணை அந்நியர் முன்னால் புகழ்ந்தால் நாளைக்குச் சங்கம் முழுவதும் சிரிக்கும். அத்தை என்னைப் பார்த்து, "மினோரி, உனக்குத்தானே இங்கிலீஷ் தெரியும்? சும்மா பேச்சுக்குச் சொன்னதுன்னு நீயே சொல்லுடி" என்றார். அப்படியானால் 'நான் உதவாதவள் இல்லை' என்று என் வாயாலேயே நான் சொல்ல வேண்டும்! நம் குடும்பத்தில் யாராவது தன்னைப் பற்றி அப்படிச் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? அதுவும் இல்லாமல், மற்ற வீட்டுப் பெண்களைப் பற்றிச் சொல்லும்போது அது மரியாதை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட என் விஷயத்தில் அது தகவல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். கெண்டியில் ஆவி வருகிற சத்தம் வந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து இந்த அலமாரிக்குள் புகுந்துகொண்டேன்.

ஹேஸல் அம்மா இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று கை காட்டிவிட்டாராம், நாளையே கிளம்புகிறாராம். அத்தைக்குத் தலைவர் முன்னால் அவமானம். எல்லாம் நான் எழுதிய ஒரு வரியால். அதனால் தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போங்கள். பள்ளிக்கூடத்துக்கே போகிறேன்.

அம்மாவின் படத்துக்கு முன் எனக்காக ஊதுவத்தி ஏற்றுங்கள். வளைவுகளில் மெதுவாக ஓட்டுங்கள். பக்கத்து வீட்டு நோசாவா மாமிக்கு என் வணக்கம்.

தலை தாழ்த்தி,
மினோரி

பின்குறிப்பு: வர வேண்டாம். அதாவது, அழைத்துப் போக வர வேண்டாம். உறையை ஒட்டிவிட்டேன், இப்போது குளியலறை ஆவியில் காட்டிப் பிரித்து எழுதுகிறேன், மேலே உள்ளதைத் திரும்ப எழுதக் கையில் வலுவில்லை.

ஒட்டி முடித்த நேரம் அலமாரிக்கு வெளியே அத்தை வந்து உட்கார்ந்தார். கதவைத் திறக்கவில்லை. "ஏ எலி" என்றார். "உள்ள எலி புகுந்திருக்குன்னு கன்ஜி சொன்னான். மனுஷங்க காதுல விழற மாதிரி என் தம்பி பொண்ணைப் பத்தி நான் பெருமையா பேச முடியாது. எலிகிட்ட பேசலாம், தப்பில்ல. கேளு. அந்தப் பொண்ணு வந்ததுலேர்ந்து குளிச்சிட்டு வர்ற ஒருத்தரும் செருப்பைத் தேடினதில்ல, எல்லாம் கால் நுழையற மாதிரி திருப்பி வெச்சிருக்கு. அஞ்சாம் நம்பர் ரூம் பெரியவருக்கு இடது காது கேக்காதுன்னு அவ ஒருத்திதான் கண்டுபிடிச்சா. வாயைத் திறக்க மாட்டா, சரி, இந்த விடுதியில வாயைத் திறக்க நான் ஒருத்தி போதாதா? ஞாயித்துக்கிழமை என் தம்பி அவளைக் கூட்டிட்டுப் போயிட்டா, நெஜமாவே அந்தப் பூனையைத்தான் நான் வேலைக்கு வெச்சுக்கணும்."

எலி மூக்கை உறிஞ்சியது.

"எலிக்குச் சளி போலிருக்கு" என்று சொல்லி, குவாபரா ஐயா விட்டுவிட்டுப் போன பெட்டியிலிருந்து ஓர் இனிப்பைக் கதவோரம் வைத்துவிட்டு அத்தை எழுந்து போய்விட்டார். வாயில் வைக்க லாயக்குள்ள பண்டம்தான், அப்பா.

நான் நேராக இரண்டாம் எண் அறைக்குப் போனேன். 'நான் உதவுவேன்' என்று ஆங்கிலத்தில் சொன்னேன். 'கொஞ்சம்' என்றும் சேர்த்துவிட்டேன், பழக்கம் விடவில்லை. பிறகு, சொந்தப் பெண்ணைப் பற்றி மட்டும்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள், அடுத்த வீட்டுப் பெண்ணை ஒருநாளும் சொல்ல மாட்டார்கள் என்று விளக்கினேன். ஹேஸல் அம்மா மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டினார். பென்சிலை எடுத்து, பத்தொன்பதாவது வரியில் நான் எழுதியிருந்த பொருளை அடித்துவிட்டு, 'இவள் எங்களுடையவள்' என்று எழுதினார். சாப்பாடு கேட்டார். இன்னும் ஒரு வாரம் இருக்கப்போகிறார்.

ஒரே ஒரு சிக்கல். சாப்பிடும்போது எதிர் மேசைக்காரர்கள், பரிமாற வருகிறவர், எல்லோரிடமும் என்னைக் கையைப் பிடித்து நிறுத்தி, நெஞ்சு நிமிர்த்தி, "ஒண்ணுத்துக்கும் உதவாத பொண்ணு!" என்று அறிமுகப்படுத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை உங்களிடமும் சொல்வார், வருத்தப்படாதீர்கள். நீங்களும் வாசலில் அதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள், அப்பா. இந்த முறை கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.