பதினான்காம் வரிசையில் ஒரு காலி இடம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமா எழுதிக்கொள்வது.

நாங்கள் இருவரும் இங்கே நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் நீங்கள் செய்துகொடுத்த டேட்டாபேஸின்படி நான் நாலு வருஷத்துக்கு முன்பு ஜனவரி ஒன்றாம் தேதி காலமாகி, முதல் வரிசையில் மூன்றாம் எண்ணில் இருக்கிறேன். உங்கள் அத்தை ஒன்பதாம் எண்ணில். ஆகையால் நலத்தைப் பற்றி நான் உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை. நம் பெண்ணுக்கு இருமல் நின்றதா என்று அத்தை கேட்கச் சொன்னாள்.

போன வாரம் நான் போனில் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும், "மாமா, இப்படி அழுதுகிட்டே சொன்னா எனக்கு ஒண்ணும் புரியாது. என்ன நடந்துச்சுன்னு முதல்லேருந்து வரிசையா எழுதி அனுப்புங்க. ஸ்கிரீன்ல என்ன வந்துச்சுன்னும் எழுதுங்க" என்றீர்கள். நான் அழவில்லை, எனக்கு மூக்கடைப்பு. இருந்தாலும் மாப்பிள்ளை சொல்லைத் தட்டக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் இடுகாட்டில் தலைக்கல் வைக்கக்கூடாது என்பது விதி என்று உங்களுக்குத் தெரியும். புல் வெட்டும் வண்டி போக வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் உள்ளங்கை அகலத்தில் ஒரு எண் கல், தரையோடு தரையாக, அவ்வளவுதான். எந்த எண்ணில் யார் என்பது பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும், பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது நான். கல்யாணத்துக்கு மறுவருஷம் லீவில் வந்த நீங்கள் சும்மா இருந்திருக்கலாம். "இவ்வளவு பேரை நோட்டுலயா வெச்சிருக்கீங்க? டேட்டாபேஸ்ல போட்டுடலாம் மாமா" என்றீர்கள். நானும் அத்தையும் ஆறு மாதம் உட்கார்ந்து, இடுப்பு ஒடிய, நாலாயிரம் பேரையும் ஒவ்வொருவராகத் தட்டி ஏற்றினோம். கடைசி ஆள் ஏறிய அன்று தலைமை அலுவலகத்திலிருந்து வேன் வந்து நோட்டுகளை எல்லாம் வாங்கிக்கொண்டு போய்க் கூழாக்கிவிட்டது. அந்த வேனுக்கு நானே கதவைத் திறந்துவிட்டேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. எட்டு மாதத்துக்கு முன்பு கூரை ஒழுகியதால் என்னைக் கீழ்த்தள அறைக்கு மாற்றினார்கள். டேட்டாபேஸ் இருக்கும் பெரிய பெட்டி மாடியிலேயே அலமாரிக்குள் நின்றுவிட்டது. கீழே என் கம்ப்யூட்டரைப் போட்டதும், 'கனெக்‌ஷன் மறுக்கப்பட்டது' என்று ஒரே வரி வந்தது. ஏன் மறுக்கிறார்கள், யார் மறுக்கிறார்கள் என்று இல்லை. வெளியே ஒரு குடும்பம் சவப்பெட்டியோடு காத்துக்கொண்டிருந்தது. உங்களுக்கு ஏழு தடவை போன் செய்தேன், நீங்கள் மீட்டிங்கில் இருந்தீர்கள். அலமாரிக் கதவின் உள்பக்கம் நீங்கள் உங்கள் கைப்பட எழுதி ஒட்டிய காகிதம் ஞாபகம் வந்தது. 'கனெக்‌ஷன் வரி, மாதிரிக்கு' என்று, எந்தப் பதிவேட்டைத் திறப்பது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற வரி ஒன்று எழுதியிருந்தீர்களே, அதைப் புள்ளி மாறாமல் பார்த்து அடித்தேன். உடனே திறந்தது. எனக்கு ஒரே பெருமை. அத்தையிடம்கூடச் சொன்னேன், "மாப்பிள்ளை இல்லாமயே நானே சரி பண்ணிட்டேன்" என்று.

மாதிரிக்கு என்றால் அந்த வரியில் நிஜமான டேட்டாபேஸின் பெயரை எழுதியிருக்கக்கூடாதா? என்னைப் பழக்குவதற்காக அதே பெட்டிக்குள் நீங்கள் இன்னொன்றும் செய்து வைத்திருந்தீர்கள், நிஜம் போலவே வரிசைகள், எண்கள் எல்லாம் போட்டு, உள்ளே பொய்யாகப் பதினோரு பேரை மட்டும் புதைத்து. மாதிரி வரியில் இருந்தது அதன் பெயர். நான் எட்டு மாதமாகப் பழகும் பதிவேட்டில் நிஜமானவர்களை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். தெரியவில்லையா என்று கேட்பீர்கள். பழைய எண்ணைத் தேடி யாரும் வரவில்லை, முதல் வரிசையைத் திறக்கவும் வேலையில்லை. எனக்கு வேண்டியது அடுத்த காலி இடம். கேட்ட வரிசையிலெல்லாம் அதைத் தாராளமாகக் காட்டியது.

தோண்டுகிறவருக்கு மட்டும் சந்தேகம் வந்தது. அவர் மண்வெட்டியைப் போடுமுன் நீளக் கம்பியால் குத்திப் பார்ப்பார். கம்பி சுலபமாக இறங்கினால் அங்கே ஏற்கெனவே தோண்டியிருக்கிறது என்று அர்த்தம். பல தடவை திரும்பி வந்து என் ஜன்னலில் தட்டினார்.

"ஐயா, நீங்க சொன்ன இடத்துல ஆள் இருக்காங்க."

"காலின்னு கம்ப்யூட்டர் சொல்லுதே?"

"அப்ப கம்ப்யூட்டரையே வந்து தோண்டச் சொல்லுங்க."

அவருக்கு வேலை செய்ய மனசில்லை என்று நினைத்து அடுத்த எண்ணைக் கொடுத்தேன். கம்பி இறங்காத இடமாகப் பார்த்துத் தோண்டினார். இப்படியே நூற்று அறுபத்து மூன்று பேரை அடக்கம் செய்தோம்.

பேக்கப் எடுத்தீர்களா என்று கேட்காதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு எடுத்தேன். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று பென்டிரைவ், முறை வைத்து. காய்ச்சலில் கிடந்த அன்றுகூட ஆட்டோ பிடித்துப் போய் எடுத்துவிட்டு வந்தேன். திறந்திருந்தது எதுவோ அதைத்தானே அது எடுக்கும்? மூன்று நிறத்திலும் ஒரே பொய். ஒருநாளாவது ஒன்றைத் திருப்பி ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று நீங்களும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சாப்பாட்டைக் கட்டி வைக்கிறவன் தினமும் பிரித்துப் பார்ப்பானா?

பன்னிரண்டு நாளைக்கு முன்பு மாடியில் இருந்த பெரிய பெட்டி கறகறவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. நான் கலங்கவே இல்லை. புதுப் பெட்டி வாங்கிவந்து, சிவப்பு பென்டிரைவைச் செருகி, ஏற்றி, வரிசை ஒன்றைத் திறந்தேன். முதல் ஆள், கல்யாணத்துக்கு முன்பு உங்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொன்ன என் மச்சான். மூன்றாவது நான். ஒன்பதாவது அத்தை. உங்கள் வீட்டுப் பக்கம் ஒரு ஈ, எறும்புகூடச் சாகவில்லை. நம் பெண்ணை விட்டுவைத்ததற்கு நன்றி. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "செத்த பிறகும் உங்களுக்கும் எனக்கும் நடுவுல அஞ்சு பேரா? மாப்பிள்ளைக்கு ஒரு விவரமும் தெரியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அதுதான் வருத்தம்.

எனக்கு வருத்தம் வேறு. மறுநாளே ஒரு பெண் வந்தார், பஸ் ஓட்டுகிறவர், சீருடையோடு. இரண்டு டிரிப்புக்கு நடுவே பத்து நிமிஷம்தான் அவருக்கு. அவருடைய அம்மாவைப் பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு இங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். அன்றைக்கே அப்பா பக்கத்து இடத்தைத் தனக்கென்று எழுதி வைத்துவிட்டாராம். பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், ரசீது வீடு மாற்றியதில் போய்விட்டது. இப்போது அப்பா ஆஸ்பத்திரியில். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"எண் மட்டும் சொல்லுங்க சார். 'அம்மா பக்கத்துல இடம் இருக்குல்ல? போய்ப் பார்த்தியா?'ன்னு தினமும் கேக்கறார். வேற எதையும் கேக்கறதில்ல."

டிஸ்க் செத்துவிட்டது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன், நாளைக்கு வாருங்கள் என்றேன். நாளைக்கும் வந்தார். பதினோரு நாளாக வருகிறார். ஒருநாளும் குரலை உயர்த்தவில்லை. பதினான்காம் வரிசையாக இருக்கலாம், ஒரு மரம் இருந்தது என்று அவருக்கு மங்கலாக ஞாபகம். மரத்தை வெட்டிப் பல வருஷமாகிறது. அவர் போன பிறகு அந்த வரிசையில் முழுசாக நடந்து பார்த்தேன். நாற்பது கல், எல்லாம் ஒரே மாதிரி. இந்த வேலையில் முப்பத்தொரு வருஷம் இருந்துவிட்டு, ஒரு மனுஷன் பெண்டாட்டி எங்கே இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வக்கில்லை மாப்பிள்ளை.

செத்த டிஸ்க்கைக் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். "பாக்கலாம் சார், வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்கிறார். அவரை நம்பிப் பயனில்லை. இத்தனைக்கும் காரணம் நீங்கள் எழுதிய அந்த மாதிரி வரி என்பதால், இந்தக் கடிதம் கண்டதும் லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வந்து, அந்த நாலாயிரம் பேரையும் எப்படியாவது மீட்டுக்கொடுக்க வேண்டும். வரமுடியாது என்றால் அதை என்னிடம் சொல்லாதீர்கள், அத்தையிடம் சொல்லுங்கள்.

மற்றபடி நீங்களும் நம் பெண்ணும் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: இதைக் கவரில் போடும்போது கடைக்காரர் வந்தார். "ஒரு ஆள்கூட விட்டுப்போகல சார், எல்லாமே வந்துடுச்சு" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பழைய நாலாயிரமும் அப்படியே இருக்கிறது. எனவே மேலே உங்களைத் திட்டியிருக்கும் இடங்களை விட்டுவிட்டுப் படிக்கவும். நீங்கள் வர வேண்டாம். அந்தப் பெண்ணின் அம்மா பதினான்காம் வரிசை, இருபத்திரண்டு. பக்கத்து இடம் இருபத்து மூன்று, 'கணவருக்கு' என்று அத்தையே தட்டி ஏற்றியிருக்கிறாள். அந்த இருபத்து மூன்றில் மூன்று மாதமாக ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆபரேட்டர் ஒருவர் இருக்கிறார். இடம் காலி என்று கம்ப்யூட்டர் காட்டியது. கம்பியும் இறங்கவில்லை. கையெழுத்துப் போட்டது நான்.

இரண்டு மணிக்கு அந்தப் பெண் வந்தார். டிஸ்க் செத்தது செத்ததுதான் என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவரும் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். முடியவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டேன். "இன்னிக்கு அப்பா கொஞ்சம் தெளிவா பேசறார் சார். என்னால அவர் மூஞ்சியப் பார்த்துச் சொல்ல முடியாது. நீங்களே வந்து சொல்லிடுங்க" என்றார். நாலு மணியிலிருந்து ஐந்து வரைதான் பார்க்க விடுவார்களாம். இப்போது மூன்றேகால். இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு பஸ்தான் போகிறது, அதை அவர்தான் ஓட்டுகிறார்.