பெயருக்கு முன்னால் ஒரு சிலுவை

சேசு மரி சூசை துணை

நியூ ரைன்பெர்க், ஒஹாயோ
தபசுகாலத்து நாலாம் வாரம், புதன்கிழமை

அன்புள்ள தம்பி நார்பர்ட்டுக்கு அண்ணன் வெண்டலின் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நான் நலம். அங்கே அரிசோனா வெயிலில் நீயும், உன் மனைவி கேயும், உன் இரண்டு முழங்கால்களும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். பதினோரு வருஷமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று கேட்பாய். நியாயம்தான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் ஊரைப் பொறுத்தவரை நீ இறந்துபோய்விட்டாய். எல்லாருக்கும் ரொம்ப வருத்தம். போன வியாழக்கிழமை உனக்குப் பூசை வைத்தோம், கோயில் கொள்ளாத கூட்டம். உனக்கு இவ்வளவு நல்ல பெயர் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

பதறாதே. இதில் பாதித் தப்பு என்னுடையது, பாதி கோயில் பங்கு ஆபீஸ் ஜாய்ஸுடையது, மிச்சம் முழுவதும் இந்த நாட்டின் வெளிநாட்டுக் கொள்கையுடையது.

கொள்கையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதனால்தான் எனக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இல்லாமல் போயிற்று. நான் கட்சிக்காரன் இல்லை, கோயில்காரன் என்று உனக்குத் தெரியும். நாட்டில் இருப்பது கழுதைச் சின்னமும் யானைச் சின்னமும்தான். கழுதைக் கட்சிக்குப் பிறக்காத பிள்ளை மேல் இரக்கம் இல்லை. யானைக் கட்சிக்கோ பிறந்து பதினெட்டு வயசான பிள்ளை மேல் இரக்கம் இல்லை. அவனைப் பாலைவனத்துக்கு அனுப்பிவிட்டு வாசலில் கொடி கட்டிக்கொள்கிறது. நம் பக்கத்து ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடிவிட்டார்கள், வலி எடுத்தால் நாற்பது மைல் போக வேண்டும், ஆனால் உலக உருண்டையில் விரல் வைத்துக் காட்டத் தெரியாத தேசத்துக்கெல்லாம் அரசியல் சாசனம் எழுதிக் கொடுக்க நம்மிடம் ஆள் இருக்கிறது. சொந்தக் கூரை ஒழுகும்போது அடுத்த வீட்டுக்குப் பந்தல் போடுகிறவனை என்னவென்று சொல்வது? ஈராக்கில் ஆண்டவர் பேசின பாஷையிலேயே ஜெபம் சொல்லிக்கொண்டு ஒரு கிறிஸ்தவ ஜனம் இருந்தது. நாம் விடுதலையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனோம், அவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். கொடுங்கோலன் காலத்தில் மணியடித்த கோயில்களில் நாம் போன பிறகு மணியடிக்க ஆள் இல்லை. இதைச் சொன்னால் எனக்குத் தேசபக்தி இல்லை என்கிறார்கள். சொல்லாமல் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

போன அக்டோபரில் வாசலில் ஒரு பலகை நட்டேன். பிள்ளைகளைப் பிறக்க விடுங்கள், பிறந்த பிள்ளைகளை வீட்டில் இருக்க விடுங்கள், ஜெபமாலை சொல்லுங்கள். மூன்றே வரி. அர்பன் தோபெயை ஞாபகம் இருக்கும், நம்மோடு படித்தவன், இப்போது யானைக் கட்சிக்கு மாவட்டத் தலைவர். காரை நிறுத்தி, கண்ணாடியை மாட்டி, மூன்று வரியையும் படித்தான். “மொத வரி நம்ம ஆளு. ரெண்டாவது வரி அந்தப் பக்கத்து ஆளு. மூணாவது வரிக்கு ஓட்டே கிடையாது. நீ யாருடா வெண்டலின்?” என்று கேட்டுவிட்டுப் போனவன், அப்புறம் கோயில் வாசலில் பார்த்தால்கூட வானிலையோடு நிறுத்திக்கொண்டான்.

இரண்டாவது வரியைப் பார்த்து லெனோர் டீச்சர் வந்தாள். ரிடையர் ஆனவள், கழுதைக் கட்சி, நல்ல மனுஷி. சனிக்கிழமைதோறும் கோர்ட்டுக்கு முன்னால் போருக்கு எதிராக நிற்கிறோம், நீங்களும் வாருங்கள் என்றாள். ஜெபமாலையோடு போனேன். அங்கே ஒரு பெண் பிடித்திருந்த அட்டையில் வேறு ஒரு உரிமையை, கருவைக் கலைக்கும் உரிமையைப் பற்றி எழுதியிருந்தது. அதன் கீழே நிற்க என் மனசாட்சி இடம் தரவில்லை. பத்தடி தள்ளி நின்றேன். அடுத்த வாரம் அட்டை பெரிதாயிற்று, நான் இருபதடி தள்ளினேன். கிறிஸ்துமஸுக்குள் தெருவைத் தாண்டி டயர் கடை வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். ஒருத்தர் வண்டியை நிறுத்தி, பனிக்கால டயர் என்ன விலை என்று கேட்டார்.

ஆக, வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் பாரிஷ் ஹாலில் எட்டுப் பேர் உட்காரும் மேஜையில் நான் ஒருத்தன். வில்மா இருந்தவரை அவள் பக்கத்தில் உட்காரவாவது ஆள் வரும். அவள் போய் ஆறு வருஷம், எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. உப்பு வேண்டுமென்று யாராவது என் மேஜைக்கு வருவார்கள், எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உப்பைத் திருப்பிக் கொண்டுவந்தால் இன்னொரு வார்த்தை பேசலாமே என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

தபசுகாலம் தொடங்கின வாரம் டிவியில் இன்னொரு தேசத்து மேல் குண்டு போடலாமா வேண்டாமா என்று நாலு பேர் டை கட்டிக்கொண்டு பேசினார்கள். பின்னால் ஒரு ஏவுகணையைக் காட்டினார்கள். நீ ஏவுகணைக் கம்பெனியில் வேலை பார்த்தவன் ஆயிற்றே, இதில் எந்தத் திருகு நார்பர்ட் முடுக்கினது என்று நினைத்தேன், சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முந்தைய அந்த நன்றியறிதல் நாள் விருந்து ஞாபகத்துக்கு வந்துவிட்டது. உன் பிள்ளைகள் முன்னால் நான் கேட்டது: “நீ செஞ்ச சாமான் எந்தக் கோயில் கூரையில போய் விழுந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?” நீ கத்தவில்லை. முள்கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாய்: “வியட்நாமுக்குப் போனவன் நான். நீ இங்க பால் பீச்சிக்கிட்டு இருந்த.” அப்புறம் எழுந்து போனாய். கடைசியில் வைக்கும் இனிப்புகூட இன்னும் மேஜைக்கு வரவில்லை.

நீ சொன்னது சரிதான். கட்டாயமாகப் படைக்கு ஆள் எடுத்தபோது, பண்ணைக்கு ஒரு ஆண்பிள்ளை வேண்டும் என்று அரசாங்கம் ஒருத்தனை விட்டுவைத்தது. மூத்தவன் இருக்கட்டும் என்று அப்பா சொன்னார், நான் மறுபேச்சுப் பேசவில்லை. எனக்குப் போரைப் பற்றி இவ்வளவு அபிப்பிராயம் இருப்பதற்குக் காரணம், பால் பீச்சும்போது யோசிக்க நிறைய நேரம் கிடைத்ததுதான்.

அதனால் ஜாய்ஸிடம் போய், நார்பர்ட்டுக்கு ஒரு பூசை வேண்டும், எந்த நாள் காலி என்று கேட்டேன். ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு இந்தச் சீசனில் எப்போதும் ஜலதோஷம். என்ன வேண்டுதலுக்காக என்று அவள் கேட்கவில்லை, உன் மனம் திரும்ப வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பங்குச் செய்தித்தாளில் வியாழன் காலை எட்டு மணிப் பூசைக்கு நேராக உன் பெயர், முன்னால் ஒரு சிலுவை. செத்தவர்களுக்குத்தான் சிலுவை போடுவார்கள். ஜாய்ஸ் நாற்பது வருஷமாகப் போட்டுப் பழகின கை. இந்த ஊரில் உயிரோடு இருக்கிறவனுக்கு யார் பூசை கேட்டார்கள்? ஒருத்தனுக்கு நல்லது வேண்டிக்கொள்வதற்கு அவன் சாகும்வரை காத்திருப்பதுதான் இங்கே மரியாதை.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நான் வீடு வந்து தொப்பியைக் கழற்றவில்லை, முதல் பாத்திரம் வந்துவிட்டது. சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு. பின்னாலேயே பன்றித்தொடை, நூடுல்ஸ், இன்னும் மூன்று உருளைக்கிழங்கு. எல்லாப் பாத்திரத்து அடியிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. நான் வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அர்பன் உள்ளே வந்து என் தோளில் கையை வைத்தான். ஆறு வருஷமாக என் தோளில் யாரும் கை வைக்கவில்லை, நார்பர்ட். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

எப்படிப் போனான் என்று அர்பன் மெதுவாகக் கேட்டான். “சாப்பிட்டுக்கிட்டே இருந்தான். இனிப்பு வர்றதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டான்” என்றேன். இதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. அவனாகவே மாரடைப்பு என்று முடிவு கட்டினான். லெனோர் டீச்சரும் வந்தாள், என் சோபாவில் இடம் ஒன்றுதான் இருந்தது, அர்பன் பக்கத்தில். யானையும் கழுதையும் ஒரே சோபாவில் ஒரே கிண்ணத்து உருளைக்கிழங்கைச் சாப்பிட்டன. நீ டிராக்டரைக் குளத்துக்குள் ஓட்டின கதையை அர்பன் சொன்னான். நீ அவள் வகுப்பு ஜன்னலில் ஏறிக் குதித்து ஓடின கதையை லெனோர் சொன்னாள். இரண்டு மணி நேரம் யாரும் ஒரு தேசத்தின் பெயரையும் எடுக்கவில்லை. நான் அழுதேன். நடிக்கவில்லை, நிஜமாகவே வந்தது. நீ பாட்டுக்கு அரிசோனாவில் உட்கார்ந்து பேஸ்பால் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன், இன்னும் அழுகை வந்தது.

வியாழக்கிழமைப் பூசைக்கு வழக்கமாக ஒன்பது பேர் வருவோம், அன்றைக்கு நூற்றுக்கு மேல். படைவீரர் சங்கத்துக்காரர்கள் எட்டுப் பேர் கொடியோடு வந்து கடைசியில் நின்றார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் கொடிக்கு வேலையில்லை என்று எத்தனை கடிதம் எழுதியிருப்பேன், உனக்குத் தெரியும். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதில் ஒருத்தருக்கு ஒரு கை இல்லை. என்னிடம் வந்து, உங்கள் தம்பி நல்ல சிப்பாய் என்றார். ஆமாம், எனக்கும் சேர்த்துப் போனவன் என்றேன். அதை உன்னிடம் ஒரு தடவையும் சொன்னதில்லை.

சனிக்கிழமை தாங்க முடியாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். புதுச் சாமியாருக்கு முப்பத்திரண்டு வயசு, என்னைவிடப் பழமைக்காரர். உயிரோடு இருக்கிற தம்பியைச் செத்தவனாக விட்டுவைத்து உருளைக்கிழங்கு சாப்பிட்டேன் சாமி என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் இருமினார். அப்புறம், “மொதல்ல தம்பிக்கு லெட்டர் எழுதுங்க. வெள்ளிக்கெழமை மீன் விருந்துல மைக்கைப் பிடிச்சு எல்லார்கிட்டயும் நீங்களே சொல்லுங்க. அதுதான் ஒங்க அபராதம்” என்றார். மூன்று மங்கள வார்த்தை ஜெபம் போதாதா என்று பேரம் பேசினேன், படியவில்லை.

ஆகவே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை சொல்லிவிடுவேன், பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுவேன், எட்டுப் பேர் மேஜைக்குத் திரும்பிவிடுவேன். நீ செத்திருந்த பத்து நாளும் எனக்கு ஆள் இருந்தது. நீ பிழைத்துவிட்டால் பழையபடி யாரும் இல்லை. உன்மேல் கொஞ்சம் கோபம்கூட வருகிறது.

இதை மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துவிடாதே. போர் விஷயத்தில் நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் வாபஸ் இல்லை. என்றைக்காவது ஊர் முழுக்க ஒரு பக்கம், நான் ஒருத்தன் ஒரு பக்கம் நின்று, ஊர் சரி நான் தப்பு என்று ஆகியிருந்தால் சொல்லு பார்ப்போம். இதைப் படித்துவிட்டு விமானம் ஏறி வந்துவிடவும் வேண்டாம். உன் முழங்காலுக்கு ஆகாது, நீ வந்தால் முதல் நாளே சண்டை வரும்.

தேவதாய் உன்னையும் கேயையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும். பிள்ளைகளுக்குப் பெரியப்பாவின் ஆசீர்வாதம். அவர்கள் என்னைக் கேட்டால் சொல், கேட்காவிட்டால் விட்டுவிடு.

இப்படிக்கு, உன் மேல் அன்பு மாறாத,
அண்ணன் வெண்டலின்

பி.கு. வெள்ளி சாயங்காலம். நேற்றே தபாலில் போட்டிருக்க வேண்டும், தபால்தலை தீர்ந்திருந்தது. மீன் விருந்துக்குப் போனேன். என் மேஜையில் அர்பன், லெனோர், இன்னும் ஐந்து பேர். சாமியார் என்னைப் பார்த்தார். எழுந்து மைக்கைப் பிடித்து, என் தம்பி சாகவில்லை, உயிரோடுதான் இருக்கிறான், உங்கள் எல்லாரையும் ஏமாற்றிவிட்டேன் என்று சொன்னேன். சிரிப்பார்கள், இல்லாவிட்டால் திட்டுவார்கள் என்று நினைத்தேன். அர்பன் தலையைக் குனிந்துகொண்டான். ஜாய்ஸ் வந்து கையிலிருந்து மைக்கை வாங்கி, என்னைச் சமையலறைக்கு அழைத்துக்கொண்டு போய், மீன் மாவு வாளி மேல் உட்காரவைத்தாள். “வெண்டலின், கே எனக்கு ஜனவரியிலயே போன் பண்ணிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாராம். ஒங்களுக்குத் தெரியும்னுதான் நான் சிலுவை போட்டேன்” என்றாள். கே எனக்கு நாலு தடவை கூப்பிட்டாளாம். வெளியூர் நம்பர், கட்சிக்காரர்கள் ஓட்டுக் கேட்கிறார்கள் என்று நான் எடுக்கவில்லை.

போர் தப்புதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அதை உன்னிடம் கேட்டிருக்கக் கூடாது. போனவன் நீ. மன்னித்துக்கொள். இந்தக் கடிதத்தைப் பழைய விலாசத்துக்கே போடுகிறேன், கே படிக்கட்டும். முதல் தடவையாக ஊரே சரி, நான் ஒருத்தன்தான் தப்பு. நீ இருந்திருந்தால் இதைக் கேட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாய், தம்பி.