வாள் யார் கைக்கு வரும்?

காலி அறையைக் கைப்பற்றியே தீருவது என்று தீர்மானித்தேன். அதுவரை தட்டுமுட்டுச் சாமான்கள் கிடந்த சின்ன அறை அது. சுத்தம் செய்ததும் எங்கள் இருவருக்குமே அதன் மேல் கண் விழுந்துவிட்டது. என் மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறாள். தையல் மெஷின் கூடத்தின் நடுவில் நிற்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் ஊசி குத்துகிறது. எனக்கோ டி.வி.யையும் வீடியோ கேமையும் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடம் வேண்டும். நான் லிப்ட் மெக்கானிக். பகலெல்லாம் நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களை மீட்கிறேன். மாலையில் ஒரு ராஜ்ஜியத்தை மீட்கக் கூடாதா?

"என் கேம்ல பாறையில சொருகியிருக்கற வாளை ஞாயித்துக்கிழமைக்குள்ள உருவிட்டா அறை எனக்கு. பந்தயம்!" என்றேன்.

"உருவறது அவ்வளவு கஷ்டமா?"

"தேர்ந்தெடுக்கப்பட்டவன் கைக்குத்தான் வரும்."

"யாரு தேர்ந்தெடுக்கறாங்க? பரீட்சை வைப்பாங்களா?"

"பிறவியிலேயே வரணும்மா. என் ஆளு தோள்ல நட்சத்திர மச்சம் இருக்கு பாரு."

"பிறவியிலேயே வந்துட்டா நீங்க எதுக்குங்க மாசக்கணக்கா பட்டனை அமுக்கறீங்க?"

இப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் ராஜ்ஜியம் என்னாவது? நேரே பாறைக்குப் போய் வாளை இழுத்தேன். அசையவில்லை. திரையில் எழுத்து ஓடியது: 'ஊரின் நம்பிக்கை இல்லாமல் வாள் இணங்காது.'

ஊர்க்காரர்கள் ஓயாமல் என்னைக் கூப்பிடுவார்கள். ஒருத்திக்குக் கோழி காணோம். ஒருவருக்குக் கூரை ஒழுகுகிறது. அவர்கள் வாய் திறந்ததுமே பேச்சைத் தாண்டும் பட்டனை அமுக்கிவிட்டுக் குதிரையைத் தட்டிவிடுவேன். பூதங்களை வெட்ட வந்தவன் கோழி பிடிப்பதா?

பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே மனைவி எட்டிப் பார்த்தாள். "பாவங்க அந்தம்மா. கோழியக் காணோம்னு அழுவுறாங்க. நின்னு என்னான்னு கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

சட்டென்று எனக்கு ஒரு யோசனை உதித்தது. பந்தயத்தில் எனக்கு எதிரி இவள்தான். இவளையே வேலை வாங்கி இவளையே தோற்கடித்தால் என்ன?

"நீயே தேடிக் கொடேன்மா," என்றேன் தேன் ஒழுக.

"எனக்கு இதெல்லாம் வருமா?"

"நான் சொல்லித் தரேன்."

என் வீரனை அவள் கையில் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. தங்கக் கவசம் போட்டவன். கோழி எச்சம் பட்டால் யார் துடைப்பது? அதனால் அவளுக்கென்று தனியாக ஒரு பெண்ணை உருவாக்கிக் கொடுத்தேன். கையில் கூடை, காலில் தேய்ந்த செருப்பு. மச்சம் கிச்சம் ஒன்றும் கிடையாது. ஊர் ஒன்றுதானே, அவள் சம்பாதிக்கும் நம்பிக்கை என் வீரன் கணக்கில்தான் சேரும் என்று நினைத்தேன்.

மதியத்தில் தையலுக்கு நடுவே அவள் ஊர் வேலை பார்த்தாள். நான் வேலை முடிந்து வந்ததும் ஒப்பிப்பாள்.

"கூரை வேஞ்சாச்சு. கொல்லர் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிருந்தாங்க, சமாதானம் பேசிக் கூட்டிட்டு வந்தாச்சு. அந்தக் கோழி கிணத்துக்குப் பின்னாடிதாங்க இருந்துச்சு!"

"பலே! பலே!"

எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. 'உள்ளே வராதீர்' என்று ஒரு பலகைகூட வாங்கி ஒளித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டு டீச்சர் நடுவராக வந்து உட்கார்ந்தார்.

"டீச்சரக்கா, ஒரே ஒரு திருத்தம்," என்றாள் மனைவி. "வாள் யாரு கைக்கு வருதோ, அவங்களுக்கு அறை. சரிதானேங்க?"

"தாராளமா!" என்றேன். கூடைக்காரி வாள் உருவுவாளாமா!

என் வீரன் கம்பீரமாகப் போய் இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். வரவில்லை.

"கொஞ்சம் முக்கி இழுங்க தம்பி," என்றார் டீச்சர்.

"பட்டன் உடைஞ்சிடும் டீச்சர்."

அடுத்து மனைவியின் ஆள் வந்தாள். கூடையைக் கீழே வைத்தாள். துணியிலிருந்து குண்டூசியை எடுப்பதுபோல் வாளை எடுத்தாள். ஊரே கூடிக் கைதட்டியது. கோழிகூட வந்திருந்தது. அவள் தோளில் நட்சத்திர மச்சம் ஒன்று பளிச்சென்று முளைத்தது.

அவள் பக்கம் திரும்பினேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கோழிக்கார அம்மா சொன்னாங்க. ஊருக்கு உழைக்கறவங்க தோள்லதான் மச்சம் வருமாம். உங்க ஆளுக்கு இருக்கறது ஆரம்பத்துல நீங்களே ஆசைப்பட்டு ஒட்டிவிட்டதுதானே? உங்ககிட்ட முதல் நாளே சொல்ல வந்தாங்களாம். நீங்கதான் நிக்கலையாம்."

"அறை அவளுக்குத்தான் தம்பி," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டீச்சர் எழுந்து போனார்.

"மெஷினை உள்ள தூக்கி வைங்க. அதுக்கு முன்னாடி டி.வி.யில உங்களுக்கு ஏதோ வந்திருக்கு, என்னன்னு பாருங்க," என்றாள் மனைவி.

பார்த்தேன். 'தேர்ந்தெடுக்கப்பட்டவளுக்குக் கூடை சுமக்கச் சம்மதமா?' என்று கேட்டிருந்தது. கீழே 'ஆம்' மட்டும்தான் இருந்தது. 'இல்லை' எங்கே என்று திரை முழுக்கத் தேடினேன்.

கல்யாணமான நாளிலிருந்தே அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.