நங்கூரம் போட்ட ஞாயிறு

அது ஆனி மாதத்தின் கடைசி ஞாயிறா, அதற்கு முந்தியதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நங்கூரம் போடலாம் என்று முதலில் சொன்னது யார் என்பதிலும் எனக்குக் குழப்பம் உண்டு. காற்று அடித்தது மட்டும் நிஜம்.

பூலாம்பட்டியில் காவிரி ஏரிபோல் அகன்று நிற்கும் இடத்தில், நடுத்தண்ணீரில், காற்று வலுத்ததால் பாயை இறக்கி நங்கூரம் போட்டு, மூன்று நண்பர்கள் ஒரு பாய்மரப் படகில் உட்கார்ந்திருந்தார்கள். படகு ஜாபருடையது. சேலத்தில் தார்ப்பாய்க் கடை வைத்திருப்பவர். பாயையும் கடைத் தார்ப்பாயிலேயே தைத்திருந்தார். மரத்தை நட்டுக் கொடுத்தது எடப்பாடியில் தறி ஓட்டும் கைலாசம். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரிக்காரர் தண்டாயுதபாணி தந்தது நங்கூரம். போர் போட்டுத் தேய்ந்த, பாறை துளைக்கும் இரும்பு பிட் ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

மத்தியானம் மூன்று மணிக்கு அவர் மகள் யாழினியைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஆடி பிறந்துவிட்டால் பேச்சு நின்றுபோகும். பையனை யாழினிக்குப் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா வீட்டில் இல்லை என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

“காலைல போயிட்டு உடனே வந்தரலாம்னீங்களேப்பா” என்றார் தண்டாயுதபாணி.

“காத்துக்கு அது தெரியலையே” என்றார் ஜாபர்.

பாதிப் பாயையாவது ஏற்றலாம் என்று தண்டாயுதபாணி தானே கயிற்றை இழுத்தார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது, பாய் கிழிந்தது. சரி, துடுப்புப் போடலாம் என்றார். ஒரு துடுப்பு அவர் கையை விட்டுப் போய், அலையில் ஏறி இறங்கி, அக்கரைக்கு அவர்களுக்கு முன்னால் கிளம்பியது. மனைவி சென்னியம்மாளைப் போனில் கூப்பிட்டார். அவள் பதறவே இல்லை. பத்திரமாக இருங்கள் என்றாள். அந்த அமைதிதான் அவருக்குப் புரியவில்லை. இன்னொரு முறை கூப்பிட எழுந்து நின்றபோது போன் தண்ணீருக்குள் விழுந்தது.

கடைசியில் நங்கூரத்தை எடுத்துவிட்டால் காற்றே கரையில் தள்ளிவிடும் என்று கத்தினார். கைலாசம் முகம் சிவக்க இழுத்துப் பார்த்துக் கயிற்றை விட்டார்.

“பாறை இடுக்குல மாட்டிக்கிச்சுங்க. உங்க பிட்டு, பாறையைக் கண்டா உடுமா?”

கிழிந்த பாயைக் காற்று மரத்தில் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மௌனம் தண்டாயுதபாணிக்குப் புதிது. ரிக் சத்தத்திலேயே வாழ்ந்தவர்.

ஜாபர்தான் கேட்டார். “பாணி, மாப்பிள்ளைப் பசங்க எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேப்பியே. எண்ணூறு அடி போட்டும் தண்ணி வரலைன்னா என்ன பண்ணுவீங்கன்னு.”

“ஆமா.”

“நிறுத்திடுவேன்னு சொன்ன பையனை, பாதியில கைவிடற ஆளுன்னு அனுப்பிட்டே. இன்னும் போடுவேன்னவனை, ஊதாரின்னு அனுப்பிட்டே. சரியான பதில்தான் என்ன?”

தண்டாயுதபாணி பதில் சொல்வதற்குள் ஒரு கொக்குக் கூட்டம் காற்றை எதிர்த்துப் பறந்து, முன்னேற முடியாமல், திரும்பிப் போயிற்று.

“அப்படி ஒண்ணு இல்லீங்க பாய். யாழினி போயிட்டா ஊட்டுல சத்தமே இருக்காது.” பிறகு சொன்னார்: “இன்னைக்கு வாயைத் தொறக்கறதில்லைன்னுதான் இருந்தேன். இப்ப நான் இல்லாததே பெரிய அவமரியாதையாப் போச்சு. கெடுத்துப்போட்டேன்.”

கைலாசம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜாபர் தண்டாயுதபாணியின் தோளில் கை வைத்தார்.

வெயில் சாயும்போது காற்றும் தணிந்தது. பரிசல்காரர் காத்தான் கரையிலிருந்து மெதுவாகத் துழாவி வந்து படகைப் பிடித்துக்கொண்டார். தண்டாயுதபாணி ஏறுவதற்கு எழுந்தார். காத்தான் அவரைப் பார்க்காமல் ஜாபரிடம் சொன்னார்:

“பாய், சென்னியம்மா அக்கா போன் பண்ணுச்சுங்க. சம்மதம் சொல்லிப்போட்டு அவங்க கெளம்பிட்டாங்களாம். இனி நங்கூரத்தைத் தூக்கிக்கலாமாமுங்க.”

யாழினிக்கு ஆவணியில் கல்யாணம் நடந்தது; இப்போது பள்ளிபாளையத்தில் இருக்கிறாள். ஜாபர் கடையை மகனிடம் கொடுத்துவிட்டார். கைலாசம் தறி ஓட்டுகிறார். தண்டாயுதபாணி அந்த இரண்டு பேரோடும் தீபாவளி வரைக்கும் பேசவில்லை, பிறகு பேசினார்.